முடிதிருத்தும் இளைஞர்களை விசிட் விசாவில் அனுப்புவதைத் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் சலூன்களில் வேலை செய்யும் இளைஞர்களில், துபாய்க்கோ மலேசியாவுக்கோ போக ஒருமுறையாவது நினைக்காதவரைக் காண்பது அரிது. வசூலில் பாதியைப் பங்காகப் பெற்று ஒரு கடையில் நின்று வேலை பார்ப்பவருக்கு, முகூர்த்த மாதங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கையில் காசு புரளும். ஆடி மாதத்திலும், ஐயப்பனுக்கு மாலை போட்டு ஊரே தாடி வளர்க்கும் கார்த்திகை, மார்கழியிலும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆகவே அவர்கள் வெளிநாடு போக ஆசைப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்துவாச்சாரியில் கடை நடத்தும் என்னிடம் கத்தரி பிடிக்கப் பழகியவர்கள் நல்ல சம்பளத்தில் அமர்ந்தால் அது எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் அனுப்பப்படும் விதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் பலர் பத்தாம் வகுப்பு தேறாதவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் ஈசிஆர் வகையைச் சேர்ந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அத்தகையவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதற்கு முன்பு மத்திய அரசு அதிகாரியான குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். அந்த அனுமதிக்காக, வேலை கொடுப்பவர் யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகின்றன. நாளை ஒரு தகராறு என்றால் தூதரகத்தின் முன் நீட்டுவதற்கு அந்தப் பதிவு ஒன்றுதான் அவர்களுக்குப் பிடிமானம். இதை அலைச்சல் என்று சொல்லி, "விசிட் விசாவில் போய்விடு, அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட்டுகள் ஆசை காட்டுகிறார்கள்.

என் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பி அப்படித்தான் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனார். மனைவியின் சங்கிலியையும் கம்மலையும் அடகு வைத்து, இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்தார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை. அங்கே இறங்கியதும் கடை முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். முதல் நாளே ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் அமர்த்தி, "ஃபேட் போடு" என்றாராம். அந்த வெட்டுக்குப் பிடரியில் ஜீரோ மெஷினில் தொடங்கி, காதுக்கு மேலே ஒன்று, இரண்டு என்று கிளிப்பை மாற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்திலும் கோடு தெரியாமல், முடியே இல்லாத தோல் அடர்ந்த முடியோடு கலக்க வேண்டும். நம் ஊரில் அதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். அங்கே மெஷினும் புதிது, கையும் நடுங்கியது. வலது காதருகே படி போல ஒரு கோடு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவருக்குக் கிடைத்த வேலை முடி கூட்டுவதும் துண்டு துவைப்பதும்தான். விசா முடியும் தறுவாயில் சம்பளமின்றித் திரும்பி வந்தார். அடகு நகைக்கு இன்றும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதில் அந்த நாட்டுச் சட்டத்தைக் குற்றம் சொல்ல இடமில்லை. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. உரிய அனுமதியில்லாமல் ஒருவரை வேலைக்கு வைத்தால் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தியும் இருக்கிறார்கள். ஆனால் விசிட் விசாவில் போய் வேலை செய்தவரே சட்டத்தை மீறியவராக நிற்கும்போது, எந்த முகத்தோடு அவர் புகார் கொடுக்கப் போவார்?

நம் நாட்டு விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டுமே. வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான, பத்து லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். முகவரின் பதிவு எண் உண்மையானதா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் இருந்தும் எங்கள் தொழிலாளர்களின் காதுக்கு எட்டுவது ஏஜென்ட்டின் பேச்சு மட்டும்தான்.

இப்போது லண்டன், கனடா, சிங்கப்பூர் என்றும் வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வருகின்றன. பிரிட்டன் தன் வேலை விசாவுக்கான தகுதியை 2025 ஜூலை 22 முதல் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்தியதால், முடிதிருத்துவோர் புதிதாக அதில் விண்ணப்பிக்க வழியில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உரிய சான்றோ பயிற்சிப் பதிவோ இல்லாமல் இத்தொழிலைச் செய்யவே முடியாது. அங்கே பயிற்சிக் காலம் ஏறத்தாழ 3,500 மணி நேரம். சிங்கப்பூரில் சலூன் வேலைக்கு இந்தியர்களுக்குச் சாதாரண ஒர்க் பெர்மிட் கிடையாது. இவை தெரிந்த யாரும் அந்த விளம்பரங்களுக்கு முன்பணம் கட்ட மாட்டார்கள்.

அரசிடம் நான் கேட்பது இதுதான். அப்பாவிடமோ மாமாவிடமோ தொழில் கற்றவர்களின் கையில் திறமை இருக்கிறது, காகிதம் இல்லை. பள்ளிக்கூடம் போகாமலே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் அதை முடிதிருத்துவோருக்காக வேலூரிலேயே நடத்த வேண்டும். ஃபேட், தாடிக்குக் கோடு எடுத்தல், தலைச்சாயம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் முறை ஆகியவற்றை அங்கேயே சொல்லிக் கொடுத்த பிறகு சோதித்தால் இன்னும் நல்லது. போன இடத்தில் முதல் நாளே கை நடுங்கி நிற்கும் நிலை அவர்களுக்கு வராது. 1978 முதல் இயங்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் ஆள் தேர்வு அறிவிப்பு வெளியிடுவதைப் போல, வளைகுடா சலூன்களிடம் பேசி எங்கள் இளைஞர்களுக்கும் வெளியிட வேண்டும். மலேசிய அரசு, பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த வெளிநாட்டு முடிதிருத்துவோர் சேர்க்கைக்கு 2023இல் மீண்டும் இசைவு அறிவித்தது; அங்கே தமிழர்கள் நடத்தும் கடைகளுக்கு இங்கிருந்து நேரடியாக ஆள் அனுப்ப, இடையில் ஓர் ஏஜென்ட் எதற்கு?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து, மாதம் ஒருமுறையாவது இந்தத் திறன் சோதனைக்கும் ஆள் தேர்வுக்குமான முகாமை மாவட்ட ஆட்சியர்கள் நடத்த வேண்டும். அதைச் செவ்வாய்க்கிழமையில் வைத்தால், கடைகளுக்கு விடுமுறை என்பதால் ஒருநாள் கூலியை இழக்காமல் எல்லோரும் வர முடியும்.

இப்படிக்கு,
முடிதிருத்தும் நிலைய உரிமையாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.