இரண்டாவது மதிப்பாய்வாளர்

அன்புள்ள முரளி,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அச்சிடும் முன் சரிபார்க்க உன் கட்டுரையை ஆய்விதழ் கொடுத்த மதிப்பாய்வாளர்களில் இரண்டாமவர் எழுதிய குறைகளைப் பார்த்துக் கோபப்பட்டு, கட்டுரையைத் திரும்ப வாங்கி வேறு ஆய்விதழுக்கு அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

1936-இல் ஐன்ஸ்டைனும் இதைத்தான் செய்தார். ஈர்ப்பு அலைகளே இல்லை என்று சக இயற்பியலாளர் ரோசனுடன் சேர்ந்து எழுதி, 'ஃபிசிக்கல் ரிவியூ' என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை இன்னொருவரிடம் காட்டி, அவர் எழுதிய பத்துப் பக்கக் குறிப்பை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிவைத்தார். அச்சாகும் முன் யாரிடமும் காட்ட நான் அனுமதிக்கவில்லையே என்று சீறிவிட்டுக் கட்டுரையை வேறு இதழுக்குக் கொடுத்துவிட்டார் மனிதர். குறிப்பை எழுதிய இயற்பியலாளர் ராபர்ட்சன், ஐன்ஸ்டைன் இருந்த அதே பிரின்ஸ்டன்காரர். தான்தான் அது என்று காட்டிக்கொள்ளாமல், ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டிடம் பேச்சோடு பேச்சாகப் பிழையை விளக்கியிருக்கிறார். 1937-இல் கட்டுரை அச்சில் வந்தபோது அதன் முடிவு தலைகீழாகியிருந்தது. அந்த மதிப்பாய்வாளர் யார் என்பது வெளியே தெரிய 2005 ஆகிவிட்டது!

போன மாதம் எனக்கும் ஒரு கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தது. காசும் கிடையாது, பெயரும் வராது; மூன்று இரவு போனது. செய்முறைப் பகுதியில் 64 மாதிரிகள், அட்டவணையைக் கூட்டினால் 61. மீதி மூன்று எங்கே என்று கேட்டேன். கருவி பழுதானதால் விட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த 61-ஐயும் உட்கார்ந்த இடத்திலேயே கற்பனையாக எழுதியிருந்தால்? எனக்குத் தெரிய வழியே இல்லை. நம் கையில் இருப்பது தாள் மட்டும்தானே.

தாளில் இருப்பதுகூட முழுதாகக் கண்ணில் படுவதில்லை. பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க்காரர்கள் ஒரு கட்டுரையில் வேண்டுமென்றே எட்டுக் குறைகளைப் புகுத்தி 420 பேருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 1998-இல் வெளியான ஆய்வு அது. பதில் எழுதிய 221 பேர் சராசரியாகக் கண்டுபிடித்தது இரண்டே இரண்டு. நான் மூன்றைத் தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அதனால் உன் இரண்டாவது ஆள் எல்லாம் அறிந்தவர் என்று சொல்லமாட்டேன். தன் கட்டுரைகள் மூன்றை மேற்கோள் காட்டச் சொல்வது அற்பத்தனம். அதை ஆசிரியருக்கு நேராகவே எழுது. ஆனால் ஒப்பீட்டுக் குழு பற்றிய கேள்வி சரியானது. சரியாகப் படிக்கவில்லை என்று அவரைத் திட்டுகிறாய். உன் நான்காம் பக்கம் எனக்கே இரண்டாம் தடவைதான் புரிந்தது.

பதிலை எழுதி முதலில் எனக்கு அனுப்பு. சூடான வரிகளை அடித்துத் தருகிறேன்.

உன்,
சேகர்