கறை படுவதற்கும் அனுமதி வேண்டும்: பழைய கலைக்கூடங்களைப் புதுப்பிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கலைக்கூடக் கட்டடங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அறங்காவலர்களுக்கும், நகராட்சி அதிகாரிகளுக்கும், அவர்களோடு வேலை செய்யும் கட்டடக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

ஓவியர்களும் சிற்பிகளும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த ஒரு கட்டடம் உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கூரை ஒழுகுகிறது, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மின்கம்பிகளைத் தொடவே பயமாக இருக்கிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது சுலபம், லாபமும் கூட. அதைச் செய்யாமல் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தீர்களே, அதற்கு முதலில் மனமார்ந்த நன்றி. நான் பதிப்போவியம் செய்கிறவள், அதாவது தகட்டிலோ கட்டையிலோ படம் செதுக்கி, மை தடவிக் காகிதத்தில் அச்செடுக்கிறவள். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட பழைய கட்டடங்களில்தான் கழிந்திருக்கிறது. அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்: புதுப்பித்த பிறகும் அங்கே வேலை நடக்க வேண்டும். மை சிந்துகிற, தூசி பறக்கிற, சத்தம் போடுகிற வேலை.

இதையெல்லாம் சொல்லவா வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அழகாகப் புதுப்பிக்கப்பட்ட ஒரு கூடத்தில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. பழைய மரத்தளத்தை இழைத்து வார்னிஷ் அடித்திருந்தார்கள். சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒப்பந்தத்தில் இரண்டு வரி: தரையில் கறை பட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளப்படும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பதிப்போவிய மை எப்படிப்பட்டது என்று தொட்டவர்களுக்குத் தெரியும். விரலில் ஒட்டினால் கதவுப்பிடிக்குப் போகும், அங்கிருந்து அடுத்த ஆளின் சட்டைக்குப் போகும். பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் அட்டை விரித்து, அதன் மேல் பயந்து பயந்து நடந்து கொஞ்ச நாள் ஓட்டினேன். அப்புறம் காலி செய்துவிட்டேன். எனக்குப் பின்னால் அந்த அறைக்கு வந்தது ஒரு விளம்பர அலுவலகம். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. எல்லோரும் கட்டடத்தின் மேல் அக்கறையோடுதான் செய்தார்கள். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த வகைக் கட்டடங்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். நியூயார்க்கில் பத்தாம் தெருவில் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வடிவமைத்த கட்டடம் ஒன்று இருந்தது. கலைஞர்களுக்கென்றே கட்டியது, நடுவில் கூரை வெளிச்சத்தோடு ஒரு பொதுக் காட்சியறை, அதைச் சுற்றி வேலை அறைகள். 1859-ல் ஃபிரெடெரிக் சர்ச் வரைந்த ஆண்டிஸ் மலை ஓவியத்தைப் பார்க்க மக்கள் அங்கே காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். 1956-ல் அதை இடித்துவிட்டார்கள். பாரிஸில் கலைஞர்கள் தங்கி வேலை செய்த பத்தோ லவ்வார் என்ற கட்டடத்தில்தான் பிக்காஸோ 1907-ல் 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தை வரைந்தார். பெரும்பாலும் மரத்தால் ஆன அந்தக் கட்டடம் 1970-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. பிறகு கான்கிரீட்டில் மறுபடி கட்டினார்கள்.

அதே பாரிஸில் உள்ள லா ரூஷ் என்ற கலைக்கூடத்தின் கதை வேறு. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சி முடிந்ததும், அங்கே திராட்சை மது அரங்காக நின்ற இரும்புச் சட்டகத்தை வாங்கி வந்து, 1902-ல் அதைக் கலைஞர்களுக்கான கூடமாக மாற்றினார் சிற்பி ஆல்ஃபிரெட் பூஷே. ஷகால், சூட்டின், லெஜே எல்லோரும் வறுமையில் இருந்த காலத்தில் அங்கே சொற்ப வாடகைக்குத் தங்கி வேலை செய்தார்கள். 1960-களின் கடைசியில் அதையும் இடிக்கப் பார்த்தார்கள். ஷகால் உட்படப் பலர் குரல் கொடுத்ததால் தப்பியது. தப்பியதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் பிறகு நடந்ததுதான். இன்றும் அங்கே கலைஞர்கள் வேலை செய்கிறார்கள்.

நினைவுச்சின்னமாக வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் லண்டன் கூடத்தை டப்ளினில் உள்ள ஹியூ லேன் காட்சியகம் அப்படியே பெயர்த்துக் கொண்டுபோனது. தொல்லியல் அகழாய்வில் செய்வதுபோல ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்துக்கொண்டு, 7,000-க்கும் அதிகமான பொருள்களையும், சுவரையும், கதவையும், தூசியையும் கூட எடுத்துப்போய் 2001-ல் பார்வைக்குத் திறந்தார்கள். பேக்கன் என்ற மனிதரைப் புரிந்துகொள்ள அது பெரிய உதவி. ஆனால் அந்த அறையில் இனி யாரும் தூரிகை எடுக்க முடியாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஒரே ஒருவர் வாழ்ந்து மறைந்த கூடத்துக்கு அது பொருந்தும். பலர் மாறி மாறி வந்துபோன கட்டடத்துக்குப் பொருந்தாது. யாருடைய காலத்தை உறைய வைப்பீர்கள்? 1920-ஐயா, 1960-ஐயா?

இங்கேதான் நீங்கள் உண்மையிலேயே தடுமாறக்கூடிய இடம் வருகிறது. ஒரு பழைய கூடத்தின் தரையைக் குனிந்து பாருங்கள். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி ஓரிடத்தில் மட்டும் சாயம் தடித்துக் கிடக்கும். வரையும்போது ஓவியத்தை நிறுத்திவைக்கும் தாங்கி நின்ற இடம் அது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் நீலத்துக்குக் கீழே காவி, காவிக்குக் கீழே சாம்பல் என்று அடுக்கடுக்காக வரும். சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஆணித்துளைகள், ஒரே மட்டத்தில். அத்தனை பேரும் அந்தச் சுவரின் அதே இடத்தில்தான் படத்தை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் இழைத்துத் தள்ளிவிடாதீர்கள் என்று கெஞ்சுவேன். இழைத்தால் பழைய சாயத்தில் இருக்கும் ஈயம் தூசியாகப் பறக்கும் என்பது தனி ஆபத்து. அதே நேரத்தில், இந்தச் சாயத்தின் மேல் கண்ணாடி போட்டு மூடிவிட்டு, இனிமேல் யாரும் இங்கே சிந்தக் கூடாது என்று பலகை வைத்தாலும் எங்களுக்கு நஷ்டம்தான். என் யோசனை இது: எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுத்து ஆவணப்படுத்துங்கள். உதிர்கிறதை மட்டும் நிலைப்படுத்துங்கள். பிறகு அதே தரையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர் சிந்துவது அடுத்த அடுக்கு.

1964-ன் வெனிஸ் சாசனம், சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்கு ஒரு கட்டடத்தைப் பயன்படுத்துவது அதன் பாதுகாப்புக்கே உதவுகிறது என்று சொல்கிறது. மரபுக் கட்டடத் துறையினர் தினமும் புரட்டுகிற ஆவணம்தான். கலைக்கூடத்தைப் பொறுத்தவரை அந்தப் பயன்பாடு எது என்று தேடி அலையவே வேண்டாம். எந்த வேலைக்காக அது கட்டப்பட்டதோ அந்த வேலையே போதும்.

சரி, வேலை செய்கிறவர்களுக்கு என்ன வேண்டும்? முதலில் வெளிச்சம். ஓவியக் கூடங்களின் பெரிய ஜன்னல்களைப் பூமியின் வட பாதியில் வடக்கு பார்த்தும், தென் பாதியில் தெற்கு பார்த்தும் வைப்பது வழக்கம். நேர் வெயில் உள்ளே விழாமல், நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி வெளிச்சம் கிடைக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரட்டைக் கண்ணாடி போடச் சொல்வார்கள். போடுங்கள், நாங்களும் குளிரிலும் வெக்கையிலும் அவதிப்பட்டவர்கள்தான். ஆனால் சாதாரணக் கண்ணாடி தடிக்கத் தடிக்கப் பச்சை தட்டும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு போட்டால் நிறம் இன்னும் கொஞ்சம் மாறலாம். இரும்பு கலப்பு குறைந்த கண்ணாடி கிடைக்கிறது. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு ஜன்னலில் மாதிரி மாட்டி, ஓர் ஓவியரைக் கூப்பிட்டு அதன் கீழே வெள்ளை குழைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். ராத்திரி வெளிச்சத்துக்கு, நிறங்களைச் சரியாகக் காட்டும் எல்இடி விளக்குகள் வேண்டும். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதை நூறுக்கு அளக்கும் சிஆர்ஐ மதிப்பு 95-ஐ ஒட்டி இருந்தால் நல்லது.

சுவர்களைப் பற்றி உங்கள் பொறியாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். இருந்தாலும் ஒன்று. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியாக உதிர ஆரம்பிக்கும். காகிதத்தில் வேலை செய்கிற எங்களுக்கு ஈரச்சுவர் என்றால் பூஞ்சை. சுண்ணாம்புப் பூச்சு காய நாளாகும், கொத்தனாருக்கும் கைப்பழக்கம் வேண்டும். அந்த நாள்களைக் கால அட்டவணையில் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். கடைசி நேர அவசரத்தில்தான் சிமென்ட் மூட்டை உள்ளே வருகிறது.

பிறகு, படத்தில் அழகாக வராத விஷயங்கள். கலைக்கூடம் நிலைக்குமா நிலைக்காதா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கழுவிய தண்ணீர் குழாய்க்குள் போனால் அங்கேயே கல்லாகிவிடும், அதனால் கழுவுதொட்டிக்குக் கீழே வண்டல் பிடிக்கும் தொட்டி வேண்டும். எண்ணெய்ச் சாயத்தைக் கரைக்கப் பயன்படும் டர்பன்டைனின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேற்கூரையில் விசிறி வைத்தால் அந்த ஆவி எங்கள் மூக்கு வழியாகத்தான் மேலே போகும். வேலை மேசையின் மட்டத்திலேயே பின்பக்கமாக உறிஞ்ச வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அறைக்கு ஒரு மூடிபோட்ட இரும்புத் தொட்டி, தினமும் அதைக் காலி செய்ய ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் கேட்கிறோம். உலோகத் தகட்டிலிருந்து படம் அச்செடுக்கும் எட்சிங் இயந்திரம் பல நூறு கிலோ எடை இருக்கும். அதையும் கல் சிற்ப வேலையையும் தரைத்தளத்தில் வையுங்கள். சூளைக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். மாடியில் வேலை செய்கிறவர்களின் பெரிய கான்வாஸ் எப்படிக் கீழே வரும் என்று வரைபடத்திலேயே ஒருமுறை நடத்திப் பாருங்கள். பழைய கூடங்கள் சிலவற்றில் சுவரில் ஒடுக்கமாக, நெட்டாக ஒரு பிளவு இருக்கும், கான்வாஸைப் பக்கவாட்டில் நுழைத்து இறக்குவதற்கென்றே வைத்தது. என்னவென்று தெரியாமல் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். உங்கள் கட்டடத்தில் இருந்தால் திறந்துவிடுங்கள். சரக்கு ஏறும் லிஃப்ட் வைத்தால் சக்கர நாற்காலியில் வருகிற கலைஞரும் அதிலேயே மேலே வருவார். பழைய கட்டடம், என்ன செய்வது என்று அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

இன்றைக்குப் படைப்பு வேலை என்றால் சாயமும் களிமண்ணும் மட்டும் இல்லை. ஒலி, காணொளி, அனிமேஷன், நிரல் எழுதிக் கலை செய்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள், வரவும் வேண்டும். அவர்களுக்கு இருட்டும் அமைதியும் நல்ல இணையமும் தேவை. அதற்காகப் பழைய ஜன்னலை அடைக்க வேண்டியதில்லை. அறைக்குள் தனியாக நிற்கும் இன்னொரு அறையாகக் கட்டினால், பின்னால் வேண்டாம் என்றபோது சுவடில்லாமல் பிரித்துவிடலாம். கல் செதுக்குகிறவரையும் ஒலிப்பதிவு செய்கிறவரையும் பக்கத்துப் பக்கத்து அறையில் போடாமல் இருந்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் போர்த்மியர் கூடங்கள் இருக்கின்றன. கீழே மீனவர்களின் அறைகள், மேலே கடலைப் பார்த்த ஓவியக் கூடங்கள். ஓவியர்கள் பென் நிக்கல்சன், பாட்ரிக் ஹெரன் எல்லோரும் அங்கே வேலை செய்தார்கள். இந்த நூற்றாண்டில் அதைப் பெரிய அளவில் பழுதுபார்த்தபோது மீனவர்களை வெளியேற்றவில்லை. மேலே ஓவியமும் கீழே வலையுமாகக் கட்டடம் தொடர்ந்து இயங்குகிறது. கீழ்த்தளத்தை உணவகத்துக்கு விட்டால் வருமானம் வருமே என்ற எண்ணம் உங்களுக்கும் வரும். வருமானம் வரட்டும். ஆனால் கனமான வேலைகளுக்கு ஏற்ற ஒரே தளம் அதுதான் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியில் எல்லாம் வாடகையில் வந்து முடிகிறது. கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டுவது கடினம், ஆனால் திரண்டுவிடுகிறது. திறப்பு விழா இருக்கிறது, கல்வெட்டில் பெயர் வரும். அடுத்த இருபது வருடம் கூரையைப் பராமரிக்கத்தான் ஒருவரும் பணம் தருவதில்லை. உடனே வாடகை ஏறும், கலைஞர் வெளியேறுவார். ஆகவே புதுப்பிப்புக்குத் திரட்டும் தொகையிலேயே ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கிவிட்டுத்தான் முதல் செங்கல்லைத் தொட வேண்டும் என்பேன். நியூயார்க்கில் பெல் ஆய்வகம் இருந்த கட்டடத்தை கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் கலைஞர் குடியிருப்பாக மாற்றினார். 1970-ல் திறந்த அந்த வெஸ்ட்பெத், லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் இருப்பதால் இன்றுவரை குறைந்த வாடகையில் நடக்கிறது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: வந்தவர்கள் அங்கேயே இருந்து முதியவர்களானார்கள், இளையவர்கள் பல காலம் காத்திருக்க நேர்ந்தது. எனவே சில அறைகளை நீண்டகால ஒப்பந்தத்துக்கும் சில அறைகளைக் குறுகிய காலத்துக்கும் பிரித்து வைப்பது நியாயமாக இருக்கும். மூன்று மாதம், ஆறு மாதம் என்று மட்டும் கொடுத்தால் யாரும் கனமான இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். பெட்டிக்குள் அடங்குகிற கலை மட்டும்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

கட்டடத்தில் இப்போது யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், அவர்களை வெளியே அனுப்புவதற்கு முன் திரும்பி வரும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். எந்த அறை, என்ன வாடகை, எந்த மாதத்துக்குள் என்று விவரமாக. வேலை தாமதமானால் தற்காலிக இடத்தின் வாடகையை யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். வாய்வார்த்தையை நம்பி வெளியே போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

டெண்டர் விடுவதற்கு முன் வரைபடங்களைக் கட்டடத்திலேயே ஒரு சுவரில் ஒட்டுங்கள். ஓர் ஓவியர், ஒரு சிற்பி, ஒரு பதிப்போவியக்காரர், ஒலியில் வேலை செய்யும் ஒருவர் என்று நான்கு பேரையாவது கூப்பிட்டு, அவர்கள் செலவிடும் நேரத்துக்கு ஊதியமும் கொடுத்து, பென்சிலால் அதன் மேலேயே திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஓர் அறையை மட்டும் முழுமையாகச் செய்து முடித்து, யாரையாவது உள்ளே விட்டு ஒரு பருவம் முழுக்க வேலை செய்ய வையுங்கள். அந்த அறையில் எதெல்லாம் சரிப்படவில்லை என்று அவர் எழுதிக் கொடுப்பதை வைத்து மற்ற அறைகளைத் தொடங்கலாம். கூப்பிட்டால் வருகிறேன், பென்சிலையும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய கூடங்களில் வேலை செய்துவரும் ஒரு பதிப்போவியக் கலைஞர்