சபை ஊடக ஊழியக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் மூப்பர்களுக்கும் சபையார் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

இந்த ஆண்டு குழு அதிகம் பேசியது ஜெப விண்ணப்பங்களைப் பற்றித்தான். இன்னாருக்கு இன்ன நோய், இன்ன மருத்துவமனை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது எத்தனை கைகளுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'அனைவருக்கும் நீக்கு' என்று அழுத்தினாலும், வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட நகலும் ஸ்கிரீன்ஷாட்டும் அழிவதில்லை. எனவே எதைச் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதைச் சம்பந்தப்பட்டவரே தீர்மானிக்கிறார். பெரிய குழுவில் 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக ஜெபியுங்கள்' என்பதோடு நிறுத்துகிறோம். பெயர் தெரியாமல் எப்படிப் பாரத்தோடு ஜெபிப்பது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிதாவுக்குப் பெயர் தெரியும். நம்மை நம்பி வேதனையைச் சொன்னவர், அது ஊரெல்லாம் பரவியதைக் கேட்டு ஆராதனைக்கு வரவே கூசும் நிலை வரக்கூடாது.

சிறுவர் ஊழியத்திலும் இதே கவனம் தேவை. நேரலைக் கேமரா பிரசங்க பீடத்தை மட்டுமே காட்டுகிறது. பெற்றோரின் சம்மதமில்லாமல் பிள்ளைகளின் படங்களை வெளியிடுவதில்லை. சம்மதம் இருந்தாலும் பெயர் சேர்ப்பதில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியர் எவரும் ஒரு பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. அந்த உரையாடலில் பெற்றோரோ இன்னொரு ஆசிரியரோ இருக்க வேண்டும். ஆசிரியர்களைச் சந்தேகித்து இந்த விதியை வைக்கவில்லை. பிள்ளையோடு ஆசிரியருக்கும் இது பாதுகாப்பு.

நேரலையைப் பெரும்பாலும் படுக்கையிலிருப்போரும் முதியோரும் பார்க்கிறார்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். வசனம் காதில் விழாவிட்டால் அவர்களுக்கு ஆராதனையே இல்லை. அதனால் போன் மைக்கை விட்டுவிட்டு, ஆலய மைக்குகளின் ஒலி வந்து சேரும் மிக்சர் கருவியிலிருந்தே ஒலியை எடுக்கிறோம். கூடிப் பாடுவதற்கான அனுமதி வேறு, பாடலை இணையத்தில் ஒளிபரப்புவதற்கான உரிமை வேறு என்பதால் பாடல் தேர்வை முன்கூட்டியே பார்க்கிறோம்.

யூடியூப் சேனலின் பாஸ்வேர்டைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்திவிட்டோம். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணக்கிலிருந்தே வேலை செய்ய அனுமதி தந்திருக்கிறோம். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் அவருடைய அனுமதியை மட்டும் எடுத்தால் போதும். எல்லாக் கணக்குகளிலும் இருபடிச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும், உண்டு.

எல்லோரும் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: ஆயர் ஒருபோதும் செய்தி மூலம் பணம் கேட்கமாட்டார். அவருடைய பெயரும் படமும் போட்டு அவசர உதவி கேட்டு வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேளுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். காணிக்கைக்கான க்யூஆர் அட்டைமேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று ஆராதனைக்கு முன் பார்த்துவிடுகிறோம். பணம் செலுத்துமுன் திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று நீங்களும் பாருங்கள்.

சபை அங்கத்தினர் பதிவேட்டின் வேலை இன்னும் முடியவில்லை. அது மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது குழுவின் பரிந்துரை. திறக்கும் உரிமை யாருக்கு என்பதை இன்றைய கூட்டம் முடிவுசெய்ய வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஞாயிறுதோறும் எல்லோருக்கும் முன்பே வந்து கேபிள் இழுக்கும் வாலிபர்களுக்கு மனமார்ந்த நன்றி கூறி, இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

செயலர்