பிள்ளைக் காசுக்கு யார் யாருகிட்ட கணக்கு கேக்கணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருமங்கலத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கிறவ. ஜீவனாம்ச மனு, அதுக்கு எதிர்த்தரப்பு போடுற பதில் மனு, அப்பறம் கட்டாத பாக்கிக்கு அரியர்ஸ் மனுன்னு வருஷக்கணக்கா இதேதான் பொழப்பு. இப்பல்லாம் பொண்டாட்டிய பிரிஞ்சு ஆபீசுக்கு வர்ற அப்பாமாருங்க பாதிப்பேரு ஒரே கேள்விய கேக்குறாங்க, "ஏக்கா, பிள்ளைக்குன்னு மாசாமாசம் அனுப்புறேன், அவ அத வச்சு என்னத்த பண்றான்னு கணக்கு காட்டச் சொல்லி ஒரு மனு போட முடியாதா?"

எனக்கு என்ன தோணுதுன்னா, மாசச் செலவுக்கு பில்லு கேக்குறது வெட்டி வேலை, ஆனா விவாகரத்து வாங்கி தீர்த்து விடும்போது பிள்ளைக்கும் சேத்து மொத்தமா ஒரு தொகை கைமாறுது பாருங்க, அதுக்கு கட்டாயம் கணக்கு வேணும். நம்ம பக்கம் அப்படியே தலகீழா இருக்கு, அஞ்சாயிரத்துக்கு மல்லுக்கட்டுறாங்க, அஞ்சு லட்சத்த யாரும் கேக்குறதில்ல.

மொதல்ல மாசக் காச பாப்போம். கணக்கே இல்லாம கோர்ட்டு காசு போடுதுன்னு நெனைக்கிறதே தப்பு. 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் எதிர் நேஹா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்ததுலருந்து ரெண்டு பக்கமும் சொத்து, சம்பளம், கடன், பிள்ளைச் செலவு எல்லாத்தையும் அபிடவிட்டா, அதாவது சத்தியம் பண்ணி எழுதுற பத்திரமா போடணும், பேங்க் ஸ்டேட்மெண்ட் சேத்து. அந்த அபிடவிட்ட நான்தான அடிக்கிறேன், அம்மா பக்கம் பால் காசு வேன் காசு வரைக்கும் எழுதுது, அப்பா பக்கம் நேத்து வரைக்கும் சொந்தமா லாரி வச்சிருந்தவரு இன்னைக்கு கூலி வேலைன்னு வந்து நிக்கிறாரு. கணக்குன்னா அங்கருந்துல்ல ஆரம்பிக்கணும்! ஜீவனாம்சச் சட்டத்துல மாசம் 500 ரூபாக்கு மேல போடக்கூடாதுன்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 2001லயே எடுத்துட்டாங்க, ஆனா சில பேரு மனசுல அந்த 500 ரூபா இன்னும் அப்படியேதான் இருக்கு.

ஒரு பொண்ணு ரெக்சின் பை நெறைய பில்லு கொண்டாந்து என் மேசைல கொட்டுச்சு. புருஷன் கேட்டாருன்னு எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கு, மெடிக்கல் ஷாப் பில்லெல்லாம் வெளுத்துப் போயி வெறும் வெள்ளத் தாளா கெடக்கு. இருக்குறத வச்சு லிஸ்ட் அடிச்சுக் குடுத்தா அந்தப் பக்கத்துலருந்து பதில் வருது, நோட்டு வாங்குனது சரி, அதே பில்லுல ஒரு சேஃப்டி பின் அட்டை இருக்கே அது யாருக்கு, ஷாம்பு பாக்கெட் யார் தலைக்குன்னு. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, அந்தப் பொண்ணுக்கு வரல. வீட்டு வாடகைல பிள்ளைக்கு எவ்வளவுன்னு எப்படிங்க பிரிக்கிறது, தெருமுக்குல மாவு விக்கிற அக்கா ஜிஎஸ்டி பில்லா போட்டுத் தரும்? ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபா, தெனம் ஒண்ணுன்னா மாசம் 600, மூவாயிரம் நாலாயிரம்னு ஆர்டர் ஆன காசுல பால் வேன் வாடகைக்கே பத்தாது, மீதி அந்தப் பொண்ணு தையல் மிஷின் மிதிச்சு போடுது, அந்த மீதிக்கு யாரும் கணக்கு கேக்கல பாத்தீங்களா.

இதுல இன்னொண்ணும் இருக்கு. அரியர்ஸ் கட்டாம வாரண்டு வர்ற வரைக்கும் இழுத்தடிக்கிறவரு, மகளுக்கு காதுகுத்துன்னா ரோட்ட மறிச்சு ஃப்ளெக்ஸ் வைக்கிறாரு, மொய் நோட்டுல 51 ரூபாயக்கூட விடாம எழுதி வாங்குறாரு. மொய்க் கணக்கு மாதிரிதான் பிள்ளைக் கணக்கும்னு நெனச்சுட்டாரு போல, போட்டா திரும்பி வரணும்னு.

அதுக்காக அப்பாமாருங்க எல்லாரும் அப்படின்னு சொல்ல வரல. திருப்பூர்ல, சிங்கப்பூர்ல கஷ்டப்பட்டு மாசம் தவறாம போட்டு விடுறவங்களும் வர்றாங்க, காசு போயிட்டே இருக்கு ஆனா ஸ்கூல் ஃபீஸ் பாக்கின்னு பிள்ளை வாசல்ல நிக்கிதுன்னு கேள்விப்பட்டா யாருக்குத்தான் வயிறு எரியாது. அவங்களுக்கு நான் சொல்றது, பில்லு கேட்டு சண்ட போடாதீங்க, ஃபீஸ நேரா ஸ்கூல் அக்கவுண்டுக்கே கட்டுறேன்னு வக்கீல் மூலமா கோர்ட்ல கேளுங்க, கட்டுன ரசீது உங்க கைல இருக்கும், சாப்பாட்டுக் காசு தனியா அம்மா அக்கவுண்டுக்கு போகட்டும். நெலம மாறிப்போச்சுன்னா தொகைய மாத்தச் சொல்றதுக்கு புது சட்டத்துல, அதாங்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1லருந்து வந்த பிஎன்எஸ்எஸ்ல, 146ம் பிரிவு இருக்கு, பழைய சட்டத்து 127ம் பிரிவுதான் அது. பிள்ளைய நெசமாவே கவனிக்கலன்னா கஸ்டடி கேட்டு போக 1890ம் வருஷத்து கார்டியன் சட்டம் இருக்கு. ஆனா கணக்கு சரியில்லன்னு காச நிறுத்துறது மட்டும் கூடாது, கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். அமெரிக்காவுல இண்டியானாவுல கோர்ட்டு செலவுக் கணக்கு கேக்கலாம்னு சட்டமே இருக்குன்னு ஒரு தம்பி செல்லுல காட்டுச்சு, அங்கயும் அதுக்கு அவசியம் இருக்குன்னு மொதல்ல காட்டணும்ப்பா, சும்மா கேட்டா கெடைக்காதுன்னேன்.

இப்ப மொத்தத் தொகைக்கு வர்றேன், எனக்கு எழுதணும்னு தோணுனதே இதுக்குத்தான்.

ரெண்டு பேரும் சம்மதிச்சு விவாகரத்து வாங்கும்போது "மனைவிக்கும் மைனர் குழந்தைக்கும் சேத்து" அஞ்சு லட்சம், எட்டு லட்சம்னு ஒரே வரில அடிக்கச் சொல்லுவாங்க. டிடி கைமாறும், எல்லாரும் கீழ போயி டீ குடிப்பாங்க, முடிஞ்சது. உசிலம்பட்டிப் பக்கத்து பிள்ளை ஒண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டு காலேஜ் ஃபீசுக்கு வழி கேட்டு வந்துச்சு, முன்ன விவாகரத்துல அது பேர்லயும் சேத்துத்தான் காசு வாங்குனாங்க, ஆனா அந்தக் காசுல தாத்தா போர்வெல் போட்டாரு, மாமா கல்யாணம் நடந்துச்சு, தண்ணியும் வரல காசும் வரல. அந்தம்மா ஒரு ரூபா தொடல, கையெழுத்து மட்டும் போட்டுச்சு. அப்பாகிட்ட போனா நான் அன்னைக்கே செட்டில் பண்ணிட்டேன்ங்குறாரு. அவரு சொல்றதும் ஒரு வகைல ஞாயம்தான, ஆனா இனி ஒண்ணும் கேக்க மாட்டேன்னு அம்மா எழுதிக் குடுத்ததால பிள்ளையோட உரிமை போயிடாதுன்னு கோர்ட்டுங்க சொல்லிருக்கு, அப்ப அவரு ரெண்டாந்தடவ குடுக்கணும். நட்டம் ரெண்டு பக்கமும்.

ரோட்டுல ஆக்சிடெண்ட்ல அப்பா செத்துட்டா மைனர் பிள்ளை பங்க கோர்ட்டு என்ன பண்ணுது? பேங்க்ல டெபாசிட் போட்டு பதினெட்டு வயசு வரைக்கும் பூட்டி வைக்கிது, வட்டிய மட்டும் அம்மா எடுத்துக்கலாம். செத்த அப்பா காசுக்கு இருக்குற பாதுகாப்பு உசுரோட இருக்குற அப்பா காசுக்கு ஏன் இல்ல? கோர்ட்டு ஒருத்தர பிள்ளையோட சொத்தப் பாத்துக்குற கார்டியனா போட்டா, கேட்ட நேரத்துல கணக்கு குடுக்கணும்னு 1890ம் வருஷத்து சட்டம் சொல்லுது. அது மாதிரி இங்கயும் அந்தக் கணக்கு பிள்ளைக்கு சேரணும், அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இல்ல.

அதனால மதுரை கோர்ட்டுல மீடியேஷன்ல, அதாவது சமரசப் பேச்சுல உக்கார்ற வக்கீல் அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு எழுதுற ராஜி மெமோவுல பிள்ளை பங்க தனி வரியா, தனித் தொகையா எழுதுங்க. பத்து வயசுக்குள்ள பொம்பளப் பிள்ளைன்னா தபால் ஆபீஸ்ல செல்வமகள் கணக்கு இருக்கு, வருஷம் ஒண்ணரை லட்சம் வரைக்கும் போடலாம், பதினெட்டு ஆனப்பறம் படிப்புக்கு பாதி வரைக்கும் எடுக்கலாம், மீதிக்கும் பையனுக்கும் பிள்ளை பேர்ல பேங்க் டெபாசிட். பாஸ்புக், டெபாசிட் ரசீது ஜெராக்ஸ் ஃபைல்ல சேந்த பெறகு கடைசி கையெழுத்து வாங்குங்க. எனக்கு அடிக்க ரெண்டு வரி கூட ஆகும், பரவால்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமங்கலம், மதுரை மாவட்டம்