பூவை மட்டும் பார்த்தால் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெயர் தெரியாத செடிகளின் படங்களை வாசகர்கள் அனுப்ப, நீங்கள் பெயர் சொல்லும் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். பெரும்பாலான படங்களில் பூ மட்டும்தான் இருக்கிறது. அது போதாது.

எங்கள் வேலியோரம் தானாக முளைத்த கொடி ஒன்று பூத்தது. பூவைப் படமெடுத்துக் கைபேசிச் செயலியில் போட்டால், ஏதோ ஒரு லில்லி என்றது. சரி என்று விட மனம் வரவில்லை. இலையைப் பார்த்தேன். நுனி நூல்போல் நீண்டு, சுருண்டு, வேலிக்கம்பியைப் பற்றியிருந்தது. நெளிநெளியான ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்திருந்தன. விரிந்தபோது மஞ்சளும் பச்சையுமாக இருந்தவை அப்புறம் செக்கச்செவேல் என்றாயின. பூவின் நடுவே சூலகத்திலிருந்து கிளம்பும் மெல்லிய சூல்தண்டோ அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. செங்காந்தளேதான்!

அழகு அள்ளும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கால்சிசின் என்ற நஞ்சு. கீல்வாத மருந்துக்குப் பயன்படுவதும் அதே பொருள்தான். அதற்காக யாரும் வீட்டில் கைவைத்தியம் பார்த்துவிடக் கூடாது. கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் பெயர் தெரியாமல் இதை வளர்ப்பது எவ்வளவு ஆபத்து!

ஆகவே முழுச்செடி, இலை தண்டில் அமைந்திருக்கும் விதம், இலையின் அடிப்புறம், காய் ஆகியவற்றின் படங்களையும் கேட்டு வாங்குங்கள். கிள்ளினால் பால் வடிகிறதா என்றும் கேளுங்கள். நஞ்சுச் செடியாக இருந்தால் அதைப் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி