வாசலில் தொங்கிய ஆயில் கேன் எங்கே போனது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து எங்கள் சைக்கிள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான். "என்னண்ணே, ஆணியில தொங்குன ஆயில் கேனைக் காணோம்?" வில்லாபுரத்திலிருந்து பால் கேனோடு வரும் பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டே போய்விட்டார். "உங்கப்பா இருந்தவரைக்கும் போறவன் வர்றவனுக்கெல்லாம் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போப்பான்னு சொல்வாரு. நீ அதுக்கும் கணக்குப் பாக்குறியாக்கும்." அன்று நின்று பதில் சொல்ல முடியவில்லை. கையில் டியூப், எதிரே மூன்று பஞ்சர். அவருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் எல்லோருக்குமாக இப்போது எழுதுகிறோம்.

காசு மிச்சம் பிடிக்க அதை எடுக்கவில்லை. அந்த ஆயிலுக்கு நாங்கள் ஒருநாளும் காசு கொடுத்ததே இல்லை; விவகாரமே அதுதான். அக்கம்பக்கத்து டூவீலர் பட்டறையில் வண்டிகளிலிருந்து வடித்துக் கொட்டும் கழிவு ஆயிலைக் கேட்டு வாங்கி ஊற்றி வைத்திருந்தோம். கறுப்பாக, கெட்டியாக, நன்றாக ஒட்டும். செயினுக்கு இதுதான் சரி என்று அப்பாவும் சொன்னார், நாங்களும் சொன்னோம். எஞ்சினுக்குள் கொதித்து வடிந்த ஆயிலில் இரும்புத் தேய்மானப் பொடியும் கரியும் கலந்திருக்கும், கொஞ்சம் அமிலமும் சேர்ந்திருக்கும். அதை எடுத்து உங்கள் செயினில் விடச் சொன்னது எங்கள் தவறு.

இது எங்களுக்கு உறைத்தது போன பங்குனியில். அவனியாபுரத்துப் பிள்ளை ஒருத்தி, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஏறி மிதித்தால் கடக் கடக்கென்று செயின் பல்லை விட்டுத் தாவுகிறது. வண்டிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. செயினைப் பார்த்தால் கறுப்பு மை பூசிய கயிறு மாதிரி இருந்தது. "வாரம் தவறாம உங்க கேன்லதானேண்ணே ஆயில் விட்டேன்?" என்றாள். உண்மை. இந்தத் தெருவிலேயே ஒழுங்காக ஆயில் விட்டவள் அவள்தான். அவள் செயின்தான் எல்லார் செயினையும் விட மோசமாகத் தேய்ந்திருந்தது.

அன்று இரவு கடை சாத்திய பிறகு அந்தச் செயினில் ஒரு கண்ணியைப் பிரித்து, பின்னை சீமெண்ணெயில் கழுவி, பல்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். புதுப் பின் முழுக்க ஒரே சீராக உருண்டையாக இருக்கும். இதில் நடுவே ஒரு பக்கம் மட்டும் இடுப்பு விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. ஊசியை வாழைத்தண்டில் தேய்த்தால் தேயாது. உப்புத்தாளில் தேய்த்தால் தேயும். தெருமண்ணும் கழிவு ஆயிலும் குழைந்து அந்தப் பின்னைச் சுற்றி உப்புத்தாளாகவே மாறியிருந்தது.

செயின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் புரியும். உள்தகடு, வெளித்தகடு, அவற்றைக் கோக்கும் பின், பின்னைச் சுற்றி ஓடும் உருளை. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளைச் செயினை உருவாக்கினார். இன்று நம் சைக்கிளில் ஓடுவதும் அந்த வழியில் வந்ததுதான். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். பால்காரர் வண்டியானாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கு மிதிக்கும் கியர் வண்டியானாலும் சரி, அகலம்தான் மாறும், இந்த அரை அங்குலம் மாறாது. ஒரு வண்டியில் நூறு பின்னுக்கு மேல் இருக்கும். ஆயில் வேண்டிய இடம் பின்னுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழைச் சந்து மட்டும்தான். தகட்டின் வெளிப்பக்கத்தில் பூசுகிற ஆயில் செயினுக்கு உதவாது, தெருப்புழுதிக்குத்தான் உதவும். அங்கேதான் அது ஒட்டிக்கொள்கிறது. பிறகு உங்கள் வேட்டியிலும் சுடிதாரிலும் ஒட்டிக்கொள்கிறது.

"செயின் நீண்டுருச்சு" என்கிறோமே, இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் தலைமயிர் கனம் தேய்ந்தால் போதும், நூற்றுப் பத்து பின்னிலும் சேர்த்து முழுச் செயின் ஏழு மில்லிமீட்டர் நீண்டு விடும். பல்லோ பழைய அளவிலேயே இருக்கிறது. கண்ணி பல்லின் உச்சியில் ஏறி உட்காருகிறது, கடக்கென்று தாவுகிறது.

இதை வீட்டிலேயே அளக்கலாம். பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் சின்னது, அது வேண்டாம். 12 அங்குல ஸ்கேல் எடுங்கள். செயின் விறைப்பாக இருக்கும் இடத்தில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்ஜியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24-ஆவது கண்ணியின் பின் சரியாக 12-இல் நிற்கும். அரை நூல் தாண்டி நின்றால் செயினை மட்டும் மாற்றுங்கள், முன்பல்லும் ஃப்ரீவீலும் (பின்சக்கரத்துப் பல்) பிழைக்கும். ஒரு நூல் தாண்டிவிட்டதென்றால் அநேகமாக மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். (எட்டு நூல் ஒரு அங்குலம் என்பது ஆசாரிகள் வீட்டில் கேட்டால் தெரியும்.) அந்த அவனியாபுரத்துப் பிள்ளைக்கு ஒரு நூலுக்கு மேல் போயிருந்தது. மூன்றையும் மாற்றிக் கொடுத்தோம். காசு வாங்க மனசு வரவில்லை.

சரி, என்னதான் செய்வது? ஆயிலை விடத் துணிதான் முக்கியம். எங்களிடம் கேட்டால், வாரம் ஒருமுறை துடைத்துவிட்டு ஆயிலே விடாதவன் செயின், துடைக்காமல் தினம் ஆயில் விடுபவன் செயினை விட அதிக நாள் வரும்.

வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பழைய பனியன் துணியை நாலாக மடித்து, கீழ்ச்செயினைப் பின்சக்கரத்துக்குப் பக்கமாக லேசாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இருபது, முப்பது சுற்று. துணி கறுத்தால் மடிப்பை மாற்றுங்கள். பெடலை முன்னோக்கிச் சுற்றவே கூடாது. சக்கரம் வேகம் பிடித்துச் செயினோடு கையையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னோக்கிச் சுற்றும்போதும் கீழ்ச்செயின் முன்பல்லை நோக்கித்தான் ஓடும், அதனால் துணி நுனி தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதை எழுதுகிறவனுக்கு இடதுகை ஆள்காட்டி விரலில் பாதி நகம்தான். பன்னிரண்டு வயதில் முன்னோக்கிச் சுற்றிப் பார்த்தவன்.

மாதம் ஒருமுறையோ அழுக்கு அதிகமானாலோ, பழைய பல் பிரஷில் சீமெண்ணெய் அல்லது டீசல் கொஞ்சமாகத் தொட்டு, கண்ணி கண்ணியாகத் தேய்த்துத் துடைக்கலாம். ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள், ஃப்ரீவீலுக்குள்ளும் அச்சுக் குண்டுக்குள்ளும் இறங்கி அங்கே இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். வாசலில் பெட்ரோல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கிற ஊர் இது.

முழுதாகக் கழுவ வேண்டுமென்றால் செயினைக் கழற்றி ஒரு பழைய போவண்டோ பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு சீமெண்ணெய் விட்டு, மூடி குலுக்குங்கள். கறுப்பு வந்ததும் வடித்துவிட்டு இன்னொரு முறை. நிழலில் தொங்கவிட்டு ஈரம் நன்றாகப் போன பிறகே ஆயில். வடித்த சீமெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இரண்டு நாள் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும், மேல் தெளிவு அடுத்த முறைக்கு ஆகும். திரும்ப மாட்டும்போது ஒன்று கவனியுங்கள். சாதா வண்டிச் செயினில் இரண்டு முனையையும் கோக்கும் லாக் சின்ன மீன் மாதிரியே இருக்கும், மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். மேல்செயினில் மீனின் தலை முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும், அதாவது செயின் ஓடுகிற திசையிலேயே மீன் நீந்த வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசும்போது லாக் கழன்று விழும். மீனாட்சி ஊர்க்காரர்களுக்கு இது மறக்காது.

ஆயில் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. கீழ்ச்செயினின் மேல்பக்கம், உருளையின் மேலேயே விழ வேண்டும். பெடலை மெல்லப் பின்னால் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இன்னும் பத்துச் சுற்று சும்மா சுற்றிவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் வெளிப்பக்கம் காய்ந்த மாதிரி ஆகும்வரை துடையுங்கள். "விட்டதையே துடைக்கச் சொல்றியே" என்று கேட்பீர்கள். உள்ளே போக வேண்டியது ராத்திரியே போய்விட்டது. ரிம்மிலும் பிரேக் கட்டையிலும், டிஸ்க் இருந்தால் டிஸ்க்கிலும், ஒரு துளிகூடப் படக்கூடாது.

வெயில் காலத்துக்கு, பள்ளிக்கூடம் கடைவீதி என்று ஓட்டுகிறவர்களுக்குத் தையல் மெஷின் ஆயில் தாராளம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது நிற்காது. டூவீலருக்கு ஊற்றும் புது 20டபிள்யூ-40 ஆயிலையே குறைவாக விடலாம். புதுசு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்: மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது செயினிலும் உறையும், நாளானால் பிசினாகும். வெளியே கிரீஸ் அப்பவும் வேண்டாம். டபிள்யூ.டி.40 ஸ்பிரேயைப் பல தம்பிகள் ஆயில் என்று நினைத்து அடிக்கிறார்கள். தண்ணீரை விரட்டவும் துருவை இளக்கவும் அது நல்ல சரக்கு. அடித்துத் துடைத்த பிறகு ஆயில் தனியாக விட வேண்டும். புதுச் செயினில் கம்பெனியிலேயே பூசி வரும் பசையை மட்டும் கழுவிவிடாதீர்கள். அதை விட நல்ல ஆயிலை நாங்கள் விட முடியாது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றுக்குள் சைக்கிளை இறக்குகிறவர்கள், அழகர் மேல் பீய்ச்சுகிற தண்ணீரில் பாதி உங்கள் வண்டி மேல்தான் விழுகிறது என்பதையும், வைகை மணல் ஈரச் செயினில் எப்படி அப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கே துடைத்துவிட்டால் ஒன்றுமில்லை. மறுநாள் என்று விட்டால் ஆரஞ்சு நிறத்தில் துரு எட்டிப் பார்க்கும். மேலாகப் பூத்த துரு பயமில்லை, துடைத்து ஆயில் விட்டால் போகும். கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால்தான் மாற்ற வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டூவீலர் வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பைப்பால் அடிக்கிறீர்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் அச்சுக் குண்டு வரைக்கும் போகும். பொங்கலுக்குள் முழு வண்டியையும் பிரித்துப் பூட்டுகிற ஓவர்ஹாலுக்கு எங்களிடம் வந்து நிற்பீர்கள். வாளித் தண்ணீரும் துணியும் போதும். சந்தனப் பொட்டைச் செயின் கவரில் வையுங்கள், செயினில் வேண்டாம்.

செயின் தொய்வு அரை அங்குலம் மேலும் கீழும் ஆட வேண்டும், அவ்வளவே. அதைக் கடையில் பார்த்துக்கொள்கிறோம்.

கேன் இருந்த ஆணியில் இப்போது ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே பனியன் துணியும், ஊசிமூக்கு பாட்டிலில் புது ஆயிலும் இருக்கும். துடைத்துவிட்டு நீங்களே விட்டுக்கொள்ளலாம், முன்மாதிரியே காசு கிடையாது. முதல்முறை செய்கிறவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கு மேல் வாருங்கள், பக்கத்தில் நின்று காட்டித் தருகிறோம். 12 அங்குல ஸ்கேலும் அங்கேயே கட்டித் தொங்குகிறது. வில்லாபுரத்துப் பெரியவரைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் சொல்லிவிடுங்கள். அவர் வண்டிச் செயினை நாங்கள் இன்னும் அளந்து பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சைக்கிள் கடை,
தெற்குவாசல், மதுரை.