செயலாளர் ஆண்டறிக்கை: முன்னாள் படைவீரர் இல்லத் தொண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், நியூ ஜெர்சியில் வாழும் நம் சங்கக் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம். விழாக்கள், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பதால், இவ்வாண்டு புதிதாகத் தொடங்கிய முன்னாள் படைவீரர் இல்லத் தொண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இல்லத்தை நடத்துவது யார் என்று முதல் கூட்டத்திலேயே பலர் கேட்டீர்கள். நடத்துவது மாநில அரசு; செலவில் ஒரு பங்கை ஏற்பது கூட்டரசு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உடல் ஊனமுற்றுத் திரும்பியவர்களுக்காக நியூ ஜெர்சி 1866-இல் நூவர்க்கில் ஓர் இல்லம் திறந்தது. மனைவியைப் பிரியாமல் வீரர்கள் தங்குவதற்கென வைன்லாந்து இல்லம் 1899-இல் வந்தது. இத்தகைய இல்லங்களுக்கு வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 டாலர் வழங்கக் கூட்டரசு 1888-இல் சட்டம் இயற்றியிருந்தாலும், படுத்த படுக்கையானவர்களைச் செவிலியர் வைத்துப் பராமரிக்கத் தனி நிதி கிடைத்தது 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். இன்று கட்டுமானச் செலவில் 65 விழுக்காடு வரை கூட்டரசு தருகிறது.

2020-இல் மென்லோ பார்க், பராமஸ் ஆகிய ஊர்களில் நம் மாநில அரசு நடத்தும் இரு இல்லங்களில் 200-க்கும் மேற்பட்டோர் கொரோனாவுக்குப் பலியானதை நாம் மறக்கலாகாது. சட்டமும் நிதியும் இருந்தும் அது நேர்ந்தது. வெளியார் வந்துபோகும் இல்லத்தில் குறைகள் நெடுநாள் மறைந்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவேதான், முன்னாள் படைவீரர் நாளான நவம்பர் 11 அன்று மட்டும் பூச்செண்டு கொடுத்துத் திரும்பாமல், மாதம் இரு சனிக்கிழமைகள் செல்வதென்று முடிவெடுத்தோம்.

நாம் செல்லும் இல்லத்தில், சலவைக்குப் போகும் போர்வைகள் ஆள் மாறி வருவதாகப் பலர் வருந்தினார்கள். நம் மகளிர் அணியினர் போர்வைகளின் மூலையில் பெயரெழுதிய துணிப்பட்டையைத் தைத்துக் கொடுத்தார்கள். கொரியப் போரில் பணியாற்றிய பெரியவர் ஒருவர், தம் பெயரைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, படைப்பிரிவின் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். அடுத்த முறை சிவப்பு நூலில் அதையும் தைத்துக் கொடுத்தோம்.

ஜனவரிப் பனியில் இருமுறை செல்ல இயலவில்லை. அவ்விரு நாளும் சிலர் மதியம் வரை வாசல் சன்னலருகே சக்கர நாற்காலியில் காத்திருந்ததாகப் பின்னர் அறிந்து வருந்தினேன். வரும் குளிர்காலத்தில் அவ்வாறு நேராதிருக்க, பனியில் கார் ஓட்டிப் பழகியவர்கள் நால்வர் தேவை. முன்வருவோர் இக்கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்